குறிப்பு வரி

சாய்ந்து விழும் மாலை வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்க்கிறாள். தரவுக் கோப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் மொழி அவள் வடிவமைத்தது. மனிதர்கள் ஓரத்தில் எழுதிவைக்கும் குறிப்பு வரிகளுக்கு இனி அதில் இடமில்லை. “மொழின்னா கறாரா இருக்கணும்” என்று, கூடவே வேலை பார்த்த அவனோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவள் அவள்தான். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் இருந்த பக்கத்து நாற்காலியில் இப்போது ஏதோ காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. அவன் எழுதிய பழைய கோப்புகளை, அவள் ஒருநாளும் திறந்து பார்க்காதவற்றை, இப்போது புது விதிகளின்படி ஓட்டுகிறாள். அவன் குறிப்பு எழுதிய இடமெல்லாம் திரை சிவப்பாகி நின்றுவிடுகிறது. ‘இதை நீ திறந்தா, முதல்ல சாப்பிட்டுட்டு வா.’ அடுத்ததில், ‘இன்னும் கோவமா?’ “குப்பை வரியெல்லாம் தூக்கிடட்டுமாக்கா?” என்கிறாள் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண். “இரும்மா.” அழிக்கும் விசைமேல் வைத்த விரலை மெல்ல எடுக்கிறாள். விதிகளின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கிறாள்: குறிப்பு வரி வந்தால், கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ. மறுபடி ஓட்டுகிறாள். எல்லாம் பச்சை. கணினி கடகடவென்று தாண்டிப் போய்விடுகிறது. அவள் மட்டும் அவனுடைய முதல் குறிப்பு வரியிலேயே நிற்கிறாள்.