சேறு படாத கம்பளி

மருமகள் வேலை முடிந்து வருவதற்குள் தடயத்தை அழித்தாக வேண்டும். மாமனார் கதவைச் சாத்தினார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், பழைய செய்தித்தாளை விரித்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ஆடாம நில்லுடா. நீ மாட்டினா நானும் மாட்டுவேன்," என்றார் எதிரில் நின்ற கூட்டாளியிடம்.

கூட்டாளி வாலை ஆட்டியது. வீட்டு நாய்தான், பெயர் கம்பளி. மேலே நீள ரோமம், அடியில் பஞ்சு ரோமம் என்று உடம்பெல்லாம் இரண்டு அடுக்கு. பூங்காக் குளத்தோரம் ஆசைதீரப் புரண்டதில் வயிறு முழுக்கச் சேறு.

குளிப்பாட்டலாம் என்றால் காய ஒரு பகல் போதாது. ஈர நாயின் வாடை வேறு வாசலிலேயே நின்று கோள் சொல்லிவிடும். தண்ணீர் படாமல்தான் காரியத்தை முடிக்க வேண்டும்.

மாமனாருக்கு மூட்டு வலி. அதாவது, இருந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் மூத்த மகன் வீட்டில் படியேற முடியாமல்தான் தரைத்தளத்தில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்கு வந்தார். கால் சரியானதும் திரும்பிப் போவதாகப் பேச்சு. கால் எப்போதோ சரியாகிவிட்டது, அதைச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

மூத்தவன் வீட்டில் ஒரு குறையும் இல்லை, பேச ஒரு ஆளும் இல்லை. காலையில் எல்லோரும் கிளம்பிவிட்டால் அவரும் சுவரும்தான் மிச்சம். இங்கே கம்பளி உண்டு. அன்றைய நாய்க்கதைகளைச் சொல்லி முடிக்காமல் செருப்பைக் கழற்றாத மருமகள் உண்டு.

அவளுக்கு நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடையில் வேலை. வாடிக்கையாளர்களுக்கு அவள் போனில் சொல்லும் யோசனைகளைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக் கேட்டே மாமனார் பாதி நிபுணராகியிருந்தார். ஈரச் சேற்றில் கை வைத்தால் அது உள்ளே இறங்கிவிடும், காயவிட்டுத்தான் விரலால் உதிர்க்க வேண்டும். பிறகு அகலப்பல் சீப்பு. காதுக்குப் பின்னால் விழுந்த சிக்கை இழுக்காமல் மெல்லப் பிரித்தார். சோளமாவைத் தூவிச் சீவியதில் பிசுக்கும் வாடையும் போயின. பாதங்களை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, துண்டால் ஒற்றி எடுத்தார்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது செய்தித்தாள் குப்பைக்கூடையில் இருந்தது. மாமனார் கழுத்துவரை போர்வையோடு கட்டிலில் இருந்தார். கம்பளி, தெரு என்றால் என்னவென்றே தெரியாத முகத்தோடு கீழே படுத்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாய், மாமா, முடி காய வைக்கிற மிஷினைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துக்கிச்சு. சமாதானப்படுத்தப் போன அதோட சொந்தக்காரரும் உள்ள மாட்டிக்கிட்டாரு," என்றபடி செருப்பைக் கழற்றினாள் மருமகள். "கால் எப்படி இருக்கு?"

"விண்ணு விண்ணுனு தெறிக்குதும்மா. பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள உயிர் போயி உயிர் வருது."

"அடப் பாவமே," என்று அவள் நகவெட்டியோடு தரையில் உட்கார்ந்து கம்பளியை மடிக்கு இழுத்தாள். ரோமத்தை விலக்கிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். மாமனார் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். அவள் நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்த நான்கு பாதங்களையும் தூக்கிப் பார்த்துவிட்டு நகவெட்டியை இழுப்பறையிலேயே திரும்ப வைத்தாள்.

"இந்தத் தடவையும் நகம் வெட்ட வேண்டியதே இல்ல, மாமா."

"சோம்பேறிம்மா அவன். நாள் பூரா என்கூடத்தான் படுத்துக் கிடக்கான். நகம் வளரக்கூட சோம்பல்."

"அப்படியா," என்றாள் மருமகள்.

போன் அடித்தது. மூத்த மகன். அவள் சத்தமாகக் கேட்கும்படி போட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"எங்க கட்டடத்துல லிஃப்ட் போட்டாச்சும்மா. ஞாயித்துக்கிழமை காரோட வரேன். அப்பாவைக் கேட்டா மழுப்புறாரு, நீ சொல்லு. கொஞ்சமாவது நடக்கறாரா?"

மாமனார் போனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். படியைக் காரணம் காட்டியே இத்தனை நாள் ஓட்டியாயிற்று. இனி எல்லாம் இவள் வாயில்தான் இருக்கிறது.

"அவரு எங்க நடக்கறாரு, அத்தான்? கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல ரெண்டு தடவை உட்கார்றாரு."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"கண்கொண்டு பார்க்க முடியல. இந்த நிலைமையில காருல ஏத்தி இறக்கினா தாங்க மாட்டாரு. இன்னும் ஆறு மாசமாவது போகட்டும்."

"சரிம்மா. பத்திரமா பார்த்துக்கோ," என்று அவன் போனை வைத்தான்.

மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னை நம்பி இப்படி உருகும் பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனாலும் தன் நடிப்பை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. அதற்கென்று ஒரு முனகல் கூடுதலாக முனகி வைத்தார்.

மருமகள் அவர் போர்வையைச் சரிசெய்தாள், கம்பளியின் தலையைத் தடவினாள், சமையலறைப் பக்கம் நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மழையாம் மாமா, ரெண்டு பேரும் காலையிலயே பார்க்குக்குப் போயிட்டு வந்துடுங்க."