பாத்ரூமில் ஒரு துறவி

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் மனைவி, மகன், மருமகள், மனைவியின் தம்பி. ஆக ஐந்து பேர். பாத்ரூம் ஒன்றுதான். கக்கூஸும் அதற்குள்ளேயே.

விடிந்ததும் விடியாததுமாகத் தபால்காரர் அதற்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மனைவி கதவைத் தட்டினாள். "என்னங்க, இவ்வளவு நேரமா உள்ளே என்ன பண்றீங்க?"

"சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"அந்தக் காலத்துல பாலைவனத்துல துறவிங்க இருந்தாங்களாம். சர்ச் நூலகத்துப் புத்தகத்துல போட்டிருக்கு. அடுத்தவன் தப்பை அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லாம, தன் அறையில போய் உட்கார்ந்துக்குவாங்களாம். மத்ததை அறையே பார்த்துக்குமாம்."

"இது அறை இல்லைங்க, பாத்ரூம்!"

"நாலு சுவர் இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. துறவிக்கு இதுவே ஆடம்பரம்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏற்கெனவே ஒரு தலைவலி கூடத்தில் படுத்துக் கிடக்கிறது. பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பி, ஒன்றரை மாதமாகியும் திரும்பிப் போகிற வழியாக இல்லை. 'அவளே வந்து கூப்பிடட்டும்' என்கிறான். கிளம்புடா என்று சொல்லக் கூடப்பிறந்தவளுக்கு வாய் வரவில்லை. இவராவது நாலு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், இவர் துறவியாகிவிட்டார்!

மகனும் மருமகளும் துண்டும் சோப்புமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள்.

தம்பி எழுந்து வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மச்சான் எப்பக்கா வருவாரு?"

"ஞானம் வந்ததும் வருவாராம்."

"அதுவரைக்கும் என்னால தாங்க முடியாதுக்கா!"

"பக்கத்து வீட்டுக்குப் போடா."

"எனக்குத்தான் பழக்கமில்லாத வீட்டுல ஒத்துக்காதே, உனக்குத் தெரியாதா?"

கதவில் வாயை வைத்துக் கெஞ்சினான். "மச்சான், துறவிங்க இரக்கம் உள்ளவங்கதானே?"

உள்ளே குழாய் மட்டும் சொட்டுச் சொட்டென்று சொட்டியது.

"ஐயோ, அந்தக் குழாயையாவது மூடச் சொல்லுக்கா!"

ஒரு காலில் நின்றான். கால் மாற்றி நின்றான். பிறகு போனை எடுத்து, ஒன்றரை மாதமாகப் பேசாத பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"நான்தான்... தப்பு என் மேலதான். ஆமா, அதுவும் என் மேலதான். மிச்சத்தை வந்து ஒத்துக்கறேன். நீ முதல்ல கதவைத் திற. வாசல் கதவு இல்லடி, பாத்ரூம் கதவு!"

பையைக்கூட மூடாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு ஓடினான்.

தாழ்ப்பாள் திறந்தது. தபால்காரர் வெளியே வந்தார்.

"என் தம்பியை இப்படியா துரத்துவீங்க? நீங்கள்லாம் ஒரு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி.

"அண்ணி, அவர் வந்துட்டாரு. நேரா உள்ளே போயிட்டாரு. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, நேத்து அவர் போன்ல சொன்ன மாதிரியே வெந்நீர் போட்டு வெச்சு, சிரிக்காம கதவைத் திறந்துவிட்டேன். பழசு எதையும் நானும் எடுக்கலை."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஊறி வெளுத்துப்போன பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் மீதி நான்கு பேர். அந்த வீட்டில் இரண்டு.