பெட்டி மேல் எலுமிச்சம்பழம்

குணசீலனின் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒரு எஸ்.எம்.பி.எஸ். வந்து உட்கார்ந்தது. உள்ளே இருக்கும் மற்ற பாகங்களுக்கெல்லாம் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது இனி அதன் வேலை.

"என்னப்பா, இவ்வளவு லேசா இருக்கே? உள்ளே ஏதாவது இருக்கா, இல்லையா?" என்றது ஹார்ட் டிஸ்க்.

"மேலே ஸ்டிக்கரைப் படி. ஐந்நூறு வாட்!"

"ஸ்டிக்கர் கிடக்கட்டும். வோல்டேஜ் ஏறினா தாங்குவியா? என்கிட்ட மூணு கல்யாணம் இருக்கு. தாலி கட்டினதை மறுபடியும் படம் எடுக்க முடியாது."

"இருந்த இடத்திலேயே சுத்துற உனக்கு எதுக்கு இவ்வளவு பயம்?"

தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. குணசீலன் வந்து பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார். மறுநாள் மழையில் போன கரண்ட் வேகமாகத் திரும்பி வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கையும் மூன்று கல்யாணத்தையும் கூட்டிக்கொண்டே போனது.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றார் குணசீலன். கடைக்குப் போய்ப் புது ஹார்ட் டிஸ்க், பெரிய எலுமிச்சம்பழம், அதே மாதிரி இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் வாங்கி வந்தார். பழத்தைக் கயிற்றில் கோத்துப் பெட்டி மேல் தொங்கவிட்டார்.

புது ஹார்ட் டிஸ்க் பக்கத்திலிருந்த எஸ்.எம்.பி.எஸ். மேல் 'ஐந்நூறு வாட்' ஸ்டிக்கரைப் பார்த்தது. பிறகு பெட்டியின் காற்று ஓட்டை வழியாக மேலே பார்த்தது.

"என்னை எதுக்குப் பாக்குறே?" என்று எரிந்து விழுந்தது பழம். "நான் வெறும் எலுமிச்சம்பழம்!"