தொண்ணூற்றொன்றும் அறுபத்தைந்தும்

இருபத்தொன்றைப் பகா எண் என்று எழுதி வைத்திருந்தாள் மகள்.

பஸ் டிரைவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

விடியும் முன் பிடித்த ஸ்டியரிங். நடுவில் ஒரு டயர் பஞ்சர், சில்லறைக்காக ஒரு வாய்த்தகராறு. டெப்போவில் வண்டியை விட்டுவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்ததில், இடுப்புக்குக் கீழே இருப்பது தன் கால்கள்தானா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"மூவேழு எவ்வளவும்மா?"

"இருபத்தொண்ணு."

"அப்புறம் அது எப்படிப் பகா எண் ஆகும்?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ரப்பரை எடுத்தாள்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாததுதான் பகா எண். வந்து உட்கார்ந்ததிலிருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவள் தலையாட்டுவாள். அடுத்த கணக்கில் அதே இடத்தில் வழுக்கி விழுவாள்.

அவருக்கும் இதெல்லாம் மறந்துபோன பாடம்தான். கணக்கில் பட்டம் வாங்கிய கண்டக்டர் ஒருவர் அவரோடு அதே பஸ்ஸில் ஓடுகிறார். வண்டி நிற்கிற நேரத்தில் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். "உங்க பொண்ணு படிக்குதா, நீங்க படிக்கறீங்களா?" என்று டெப்போவே கேலி செய்தது.

எண்பத்துநான்குக்குக் காரணிச் செடி போட்டுக் காட்டினார். கீழே இரண்டும் நாற்பத்திரண்டும். நாற்பத்திரண்டின் கீழே இரண்டும் இருபத்தொன்றும். அதன் கீழே மூன்றும் ஏழும். நூற்றிருபத்தாறுக்கு இன்னொரு செடி. இரண்டிலும் இருக்கிற இரண்டு, மூன்று, ஏழு ஆகியவற்றைப் பெருக்கினால் நாற்பத்திரண்டு. மீப்பெரு பொதுக் காரணி அதுதான்.

அவளோ 84x + 126-இலிருந்து வெறும் ஆறை வெளியே எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்திருந்தாள்.

"உள்ள இன்னும் ஒரு ஏழு மாட்டிக்கிட்டு இருக்கு பாரு."

"எங்கப்பா?"

சமையலறையிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "அப்பாவுக்கு டீ வேணுமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லு."

நடுவில் ஒரு சுவர்தான். மகள் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

ஆறுக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது.

பென்சிலை அழுத்தி எழுதி, அழுத்தி அழித்த தடம். இன்னும் சாய்த்தார். 42(2x + 3).

மேலே இருந்த கணக்கைப் பார்த்தார். பகா எண் என்று அவள் எழுதி அழித்த இடத்துக்கும் அடியில், பள்ளமாக, 3 × 7. அதற்கு மேலேயும் அப்படித்தான். எல்லா விடையும் சரி. எல்லாம் அவர் வருவதற்கு முன்பே போட்டு முடித்து, அவர் வருவதற்கு முன்பே அழித்தவை.

மகள் ரப்பர்த் தூளை விரலால் ஒதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் இந்த வீட்டுக்கு வரலாம். மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கலாம். பாடம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

கடைசிக் கணக்குதான் மிச்சம். தொண்ணூற்றொன்று, அறுபத்தைந்து.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு சொன்னார்.

"தொண்ணூத்தொண்ணு எதாலயும் போகாது. பகா எண். எழுதிக்கோ."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். ஏழும் பதிமூன்றும் அவள் உதடு வரைக்கும் வந்துவிட்டன. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"சரிப்பா," என்றாள்.

அறுபத்தைந்தை ஐந்தாகவும் பதிமூன்றாகவும் பிரித்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைத் தவிர எதுவும் இல்லை என்று முடித்தார்கள்.

ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா வந்து நின்றாள். அவளும் வேலையிலிருந்து வந்து இன்னும் உட்காரவில்லை. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மெஷின் நின்றுபோனாலும் வரிசை நிற்காது, அப்படி ஒரு மனக்கணக்கு.

"முடிஞ்சுதா?"

கேட்டுக்கொண்டே தாளைக் கையில் எடுத்தாள்.

மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கணக்கில் நின்றாள். நிற்கிற அளவுக்கு அவளுக்கு அது பெரிய கணக்கே இல்லை. அவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப் போல மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் பக்கம் இருந்த தன் செருப்பை டிரைவர் மனதுக்குள் தேடத் தொடங்கியிருந்தார்.

அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள். மகளிடம் இல்லை, அவரிடமே சொன்னாள்.

"இதுல எங்கயோ தப்பு இருக்கு. முதல்லேருந்து போட்டுப் பாருங்க."

எங்கே தப்பு என்று சொல்லாமல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.