நம்ம டீமுக்கு வேண்டாம்

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. காலையில பதினொண்ணாம் நம்பருக்கு ஆறு மார்க் போட்டேன். எட்டு போட்டிருக்கணும்."

கோச் அசையவில்லை. மைதானத்து ஓரப் பெஞ்சில், தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"எட்டா இருந்தா என்ன, எண்பதா இருந்தா என்ன? அவ வேண்டாம்."

உதவிப் பயிற்சியாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரியில் எல்லோரும் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்கால வகுப்பில் பயிற்சியாளர் படிப்பு படிக்கிறாள். அங்கே சொல்லிக்கொடுத்தபடி ஓட்டம், தடுப்பு, பாஸ் என்று தனித்தனியாக மார்க் போட்டு, கூட்டி, மறுபடி கூட்டிப் பார்ப்பாள். அப்போதும் சந்தேகம் தீராது.

ஆனால் பதினொண்ணாம் நம்பரில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கூட வந்த பெண்கள் அந்தப் பெண்ணுக்குச் 'சிட்டு' என்று பேர் வைத்திருந்தார்கள். பள்ளி முடித்து, கல்லூரி ஹாக்கி டீமில் சேர வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பந்து வருவதற்கு முன்பே பந்து வரும் இடத்தில் நின்றாள். கல்லூரியில் படிக்க விளையாட்டுக்காக ஒதுக்கியிருந்தது மூன்றே சீட்டு.

"சார், இந்த வருஷம் ஆடின அஞ்சு மேட்ச்சுல நாலு தோல்வி. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜ் நமக்கு ஆறு கோல் போட்டுச்சு. அஞ்சாவது மேட்ச் மழையில நின்னதாலதான் தப்பிச்சோம்."

"ஆமா. நம்ம டீம்லயே நல்லா தடுத்து ஆடினது மழைதான்."

அவள் சிரிக்கவில்லை. "சிட்டு மட்டும் வந்தா..."

"நம்ம டீமுக்கு வேண்டாம்னேன்ல? அரை மார்க்குக்கு ஒரு மாமாங்கம் யோசிக்காதே. அடுத்து?"

"கோல்கீப்பர் பொண்ணு. ஏழரை. கண்ணை மூடாம பந்தைப் பார்க்கிறா."

"வேண்டாம்."

"மூணாம் நம்பர். ஸ்டிக்கைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிறா. ரெண்டரை."

"அவ போதும். எழுதிக்கோ."

"சார்!"

"பந்தைப் பார்த்தா வழிவிட்டு ஒதுங்குமே, அந்த உயரமான பொண்ணு?"

"ஒண்ணரை. அதுவும் பாவம் பார்த்துப் போட்டது."

"அவளும். அப்புறம், விசில் ஊதினாலே 'ஸாரி' சொல்லுமே, அது. மூணு ஆச்சு."

"மார்க்கைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்க்கிறீங்களா சார்? காலையில ஒவ்வொருத்திகிட்டயும் 'படிப்பா, ஆட்டமா'ன்னு கேட்டீங்க. இந்த மூணு பேரும் படிப்புன்னு சொன்னவங்க. சிட்டு, 'ஆட்டம் இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல'ன்னா."

"காதுல விழுந்துச்சு."

எதிர்ப்பக்கத்துக் கோல் போஸ்ட் அருகே இரண்டு பேர் நீளமான டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கோபத்தை அடக்கிக்கொள்ள அவள் பேச்சை மாற்றினாள்.

"கோடு புதுசாப் போடப்போறாங்க போல. அப்படியே போஸ்டுக்கும் பெயிண்ட் அடிச்சிடலாமா?"

"வேண்டாம்."

"வலையாவது..."

"விடும்மா."

இந்த மனுஷனுக்கு இன்றைக்கு எல்லாமே வேண்டாம்!

பெயர்களை அவள்தான் படிக்கவேண்டியிருந்தது. துடைப்பக்காரி நம்பாமல், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். உயரமானவள் அழுதேவிட்டாள். மூன்றாவது பெண், தேர்வானதற்கும் ஒரு 'ஸாரி' சொன்னாள்.

சிட்டு உட்கார்ந்து கால் காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டாள்.

"நான் எங்க தப்புப் பண்ணேன், அக்கா? சொன்னா திருத்திக்குவேன்."

தராசு மார்க் தாளை மடித்துக்கொண்டாள். சிட்டு ஸ்டிக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். கோல்கீப்பர் பெண்ணும் பின்னாலேயே போனாள்.

தராசு விறுவிறுவென்று பெஞ்சுக்கு வந்தாள்.

"யார் சொல்லி இந்த மூணு பேரை எடுத்தீங்க சார்? எனக்குத் தெரிஞ்சாகணும். இனிமே நான் மார்க் போட்டு என்ன பிரயோசனம்?"

கோச் தொப்பியை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நம்ம லிஸ்ட்ல பேர் ஏறிட்டா, சிட்டுவை வேற காலேஜ் டீம் எடுக்க முடியுமா?"

"முடியாது. அது விதி. அதுக்கென்ன இப்போ?"

"அங்க அளக்கறவங்க கோடு போட வரல, தராசு. கட்டடம் கட்ட அளக்கறாங்க. காலையிலதான் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார், இனிமே நமக்குக் கிரவுண்டும் இல்ல, டீமும் இல்லன்னு. இந்த மூணு சீட்டையாவது விடுங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கினேன். படிக்கணும்னு சொன்னவங்க படிக்கட்டும்."

தராசு டேப் பிடித்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடறவங்க ஆடணும்ல? பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கோச் இப்பதான் போன்ல சரின்னார். ஓடு, ரெண்டு பேரையும் கேட்டைத் தாண்டறதுக்குள்ள பிடி. காலையில ஏழு மணிக்கு ஸ்டிக்கோட அங்க நிக்கச் சொல்லு. நீயும் விசிலோட போயிடு, அவங்களுக்கும் மார்க் போட ஆள் வேணுமாம்."

"நீங்க, சார்?"

"எனக்கு நாளைக்கு இங்கதான் வேலை. கோல் போஸ்டைப் பிடுங்கணும்."