எதிர்க் கவுன்ட்டர்

அவள் மாடியேறி வந்தபோது, எதிர்க் கவுன்ட்டர்க்காரன் அவளுடைய டிவிக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே மண்டியிட்டுக் குனிந்திருந்தான்.

"அங்க என்ன வேலை உனக்கு?"

நீலச் சட்டை நிமிர்ந்தது. "ஒண்ணுமில்லக்கா. தூசி."

"உன் கவுன்ட்டர்ல இல்லாத தூசியா?"

அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அவளைவிட வயதில் மூத்தவன்தான். ஆனாலும் அக்கா என்பான். நாள் முழுக்க நின்று கால் வீங்குகிற பெண்கள் எல்லாருமே தனக்கு அக்காதான் என்று ஒரு விளக்கமும் வைத்திருந்தான்.

இன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் சிரிப்பாக இல்லை.

அந்தக் கடையில் டிவி, பிளேயர் எல்லாம் இரண்டாவது மாடியில். ஒரு பக்கம் சிவப்புச் சட்டையில் அவள், ஹெச்டி டிவிடி. எதிரே நீலச் சட்டையில் அவன், ப்ளூ-ரே. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி டிஸ்க். ஒன்றின் டிஸ்க் மற்றதன் பிளேயரில் ஓடாது, அவ்வளவுதான். வாங்க வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, இரண்டு டிவியிலும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஓடவிடுவது கடை வழக்கம். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் இரண்டையும் போட்டுவிட வேண்டும். அப்புறம் யாரும் தொட வேண்டியதில்லை. புயலில் கப்பல் மூழ்கும். படம் முடிந்ததும் மறுபடி துறைமுகத்திலிருந்து கிளம்பும்.

அவளுக்குக் கப்பலோடு சேர்ந்து மூழ்கிக்கொண்டிருப்பதாகத்தான் கொஞ்ச நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. சினிமா கம்பெனிகள் ஒவ்வொன்றாக நீலத்தின் பக்கம் தாவிவிட்டன. மற்ற கடைகளில் சிவப்புக் கவுன்ட்டர்களை மூடியாயிற்று. இந்தக் கவுன்ட்டர் இருக்குமா போகுமா என்று சொல்ல அவளுடைய கம்பெனி ஏரியா மேனேஜர் இன்றைக்கு வருகிறார். வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

இந்த நாளாகப் பார்த்துத்தானா இவன் டிவிக்குப் பின்னால் போனான்?

பிளேயரில் விளக்கு எரிந்தது. படம் ஓடியது. எதுவும் கெட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. நேரே போய் மாடி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் வந்து எல்லார் எதிரிலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த கம்பெனி பொருளில் கை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். அவன் "சரி சார்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை மட்டும் அவள் பக்கம் பார்த்தான். அவள் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஏரியா மேனேஜர் வந்தார். தூக்கம் போதாத முகம். காலையில்தான் இன்னொரு கடையில் ஒரு கவுன்ட்டரை மூடிவிட்டு வருவதாகச் சொன்னார்.

அந்த நேரம் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். கணவர் இரண்டு மூன்று வாரமாக எதிர்க் கவுன்ட்டருக்கு நடந்துகொண்டிருப்பவர். வாங்கினால் அவனிடம்தான் வாங்குவார் என்று மாடிக்கே தெரியும்.

ஏரியா மேனேஜர் அவரை மடக்கினார். நீங்களே ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார். கணவர் புயல் காட்சியில் நிறுத்தச் சொன்னார். அவள் ரிமோட்டை அழுத்தினாள். எதிரே அவனும் அழுத்தினான். இரண்டு கப்பலும் ஒரே கணத்தில் நின்றன.

கணவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அங்கே போனார். மறுபடி இங்கே வந்தார்.

"இதுல இருட்டு இருட்டா இருக்கு. அதுல சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. அந்த மாலுமி முகத்தப் பாருங்க, இதுலதான் உயிர் இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள் மனைவி.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

ஏரியா மேனேஜருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. எதிர்ப்பக்கம் திரும்பி, "என்னப்பா, உங்க ஆளுங்க சாயத்தக் கழுவித்தான் அனுப்புறாங்களா?" என்று கேட்டார்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் அவன். "உங்க படம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றான்.

காலையில் வாங்கிய வசவு வேலை செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கணவர் சிவப்பையே வாங்கிக்கொண்டு போனார். ஏரியா மேனேஜர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இந்தக் கவுன்ட்டர் இருக்கட்டும்மா. நம்ம பிளேயர்ல இப்படி ஒரு படம் நான் வேற எந்தக் கடையிலயும் பார்க்கல."

அவர் இறங்கிப் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷப்படுவதற்குக்கூடத் தெம்பில்லை.

கடை மூடும் நேரம் அவன் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

"அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிற புத்திய இன்னையோட விட்டுடு."

அவன் தலையாட்டினான்.

அவள் தன் பிளேயரின் பொத்தானை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு மூடினாள். டிவியை அணைக்கத் திரும்பினாள்.

டிவியில் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

கையிலிருந்த உறையைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"காலையில போட்டுப் பார்த்தேன்க்கா, உங்க பிளேயர் டிஸ்க்கயே படிக்கல" என்றான் அவன், குதிகாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொல்லியிருந்தா உங்க மேனேஜர் முன்னாடி உங்களால தைரியமா நின்னிருக்க முடியாது."

பிறகு எழுந்து, ஒற்றை ஷூவோடு நொண்டிப் போய்த் தன் பிளேயரை நிறுத்தினான்.

இரண்டு டிவியிலும் கப்பல் ஒன்றாக மறைந்தது.