தனிப்பட்ட கருத்து

சவரியம்மாள் கொல்லையில் கோழிகளைத் திறந்துவிடப் போன நேரம் பார்த்து, மரியஅந்தோணி மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டான். காணிக்கைக் கவரை உருவி, உள்ளே இருந்த நூறு ரூபாயைச் சட்டைப் பைக்குள் திணித்தான். காலிக் கவரைச் சுருட்டி அடுப்பில் போட்டான்.

"கோயிலுக்கா?" என்று கொல்லையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆமா... இல்ல... ஆமா!" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிப் பறந்தான்.

அம்மாப்பேட்டைக் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவனுடையது. ஆற்றில் தண்ணீர் சரியாக வராததால் சுற்று வட்டாரமெங்கும் போர்வெல் போட்டிருந்தார்கள். புகைந்துபோன மோட்டார்கள் எல்லாம் அவனிடம்தான் வந்தன. ஆனாலும், எதிர்க்கடை ஜாஃபர் சாதிக் துபாயிலிருந்து பெரிய டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜாஃபரின் மனைவி பர்வின் கட்டியிருந்த வழவழப்பான சேலையைச் சவரி உற்றுப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"நான் துபாய் போகட்டுமா?" என்று அன்றைக்கே கேட்டான். "உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

அதிலிருந்து மூன்று வருஷம். விசா கிடைக்க வேண்டுமென்று கோயிலில் புனித அந்தோணியாருக்கு மாதம் தவறாமல் நூறு ரூபாய்.

பங்குச்சாமியார் கோயில் வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் ஆரம்பித்தான்.

"சாமி, இந்த மாசத்திலேருந்து நான் காணிக்கை போடப் போறதில்ல."

"வீட்ல ஏதும் கஷ்டமா அந்தோணி?"

"கஷ்டமில்ல சாமி, கோவம். மொத ஏஜெண்டு ஆபீசைப் பூட்டிட்டு ஓடிட்டான். ரெண்டாவது தடவை மெடிக்கல்ல சளின்னு தள்ளிட்டாங்க. நேத்து மூணாவது விசா வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா என் பேருக்கு நேரா பொம்பளைன்னு அடிச்சிருக்கான்!"

சாமியார் சட்டென்று திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"சிரிக்கிறீங்களா சாமி?"

"இல்லப்பா. தூசி."

"நான் ஒருத்தன் கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. என் சம்சாரமும் முட்டை வித்த காசுல அஞ்சு ரூவாயைத் தனிக் கவர்ல போட்டுக் குடுக்குது."

உண்மைதான். வேண்டுதலை வெளியே சொல்ல விரும்பாதவர்கள் அதைச் சாமியார் காதில் மட்டும் போட்டுவிட்டு, கவரின் மேல் 'தனிப்பட்ட கருத்து' என்று மட்டும் எழுதுவார்கள். சவரியும் அப்படித்தான் எழுதுவாள். சாமியாரும் செவ்வாய்க்கிழமைப் பூசையில் தவறாமல் அதை வாசிப்பார்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து கேட்டும் அந்தோணியாருக்குக் காது கேக்கலையே சாமி!"

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. தொகையைத்தான் அவரு பாக்குறதில்ல" என்றார் சாமியார்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தான். அவரோ பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் தட்டினார். "தாராளமா நிறுத்திக்க. எனக்கும் பெரிய நிம்மதி. பூசைக்கு மட்டும் வந்துடு."

கடைக்குப் போனால், விவசாயி துரைக்கண்ணு இரண்டு மோட்டாரை டிராக்டரில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"நாத்தங்கால் காயுது அந்தோணி. நீ துபாய் போயிட்டா எங்க கதி என்ன?"

துபாயில் தனக்கு என்ன வேலை என்று அவன் யோசித்துப் பார்த்தான். எவனுடைய மோட்டாரையோ அங்கேயும் கழற்றத்தான் வேண்டும். மாலையில் கடையைச் சாத்திவிட்டுச் சவரியிடம் காப்பி வாங்கிக் குடிக்க முடியாது, அவ்வளவுதான். அவனுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்க அடக்க இன்னும் வந்தது. ஒரு மோட்டார் முழுக்கச் சிரித்துக்கொண்டே கட்டி முடித்தான். துரைக்கண்ணு கொஞ்சம் பயந்தே போனார்.

மத்தியானம் அந்த நூறு ரூபாயில் அரைக் கிலோ அல்வாவும், நாலு முழம் மல்லிகையும், பர்வின் கட்டியிருந்த அதே நிறத்தில் ஒரு நூல் சேலையும் வாங்கிக்கொண்டான். வாய்க்கால் பாலத்தில் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டினான். வீட்டு வாசலில் இறங்கியதும்தான் பயம் வந்தது.

சவரி கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலங்களை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"கோச்சுக்காதே சவரி. கோயிலுக்குக் காசு குடுக்கிறதை நிறுத்திட்டேன். விசாவும் வேணாம், துபாயும் வேணாம். உனக்குத்தான் ஏமாத்தமா இருக்கும்."

அவள் கை நின்றது. "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நாளைக்கே இன்னொரு ஏஜெண்டுன்னு கெளம்ப மாட்டீங்களே?"

"பாஸ்போர்ட்டை நீயே பொட்டியில வச்சுப் பூட்டிக்க."

முறம் கீழே விழுந்தது. கோழிகள் பறந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன. அவள் அவற்றை விரட்டவில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்த அரிசிக்கு நடுவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

"அப்பாடா! அப்ப நானும் என் காணிக்கையை நிறுத்திடறேன்!"

"ஏய், நீ எதுக்கு நிறுத்துறே? மூணு வருசமா எனக்காகத்தானே வேண்டிக்கிட்டே?"

"ஆமா" என்று ஒரு துண்டு அல்வாவை அவன் வாயில் திணித்தாள் சவரி.

"உங்களுக்கு விசா வரக் கூடாதுன்னு!"